பல டன் மீன் புதைகுழிக்கு, இருபது கிலோ மீன் ஏலத்துக்கு: ‘ராட்சத மீன்’ செய்திகளை விளங்கிக்கொள்வது எப்படி?

‘மீனவர் வலையில் சிக்கிய ராட்சத மீன்’ என்ற தலைப்பு கடற்கரை மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. ஒரு செய்தியில், பல டன் எடையுள்ள மீன் கரையில் கிடக்க, வனத்துறையினர் வந்து, கால்நடை மருத்துவரைக் கொண்டு உடற்கூறாய்வு செய்து, அதே மணலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுச் செல்கிறார்கள். இன்னொரு செய்தியில், ஒருவர் தோளில் தூக்கிவிடக்கூடிய மீனை வியாபாரிகள் போட்டி போட்டு ஏலம் கேட்க, அதைக் கொண்டுவந்தவரின் கடன் ஒரே நாளில் அடைகிறது. மூன்றாவது செய்தியில், நாடாபோல நீண்ட வெள்ளி நிற மீன் ஒன்று பிடிபட, நிலநடுக்கம் வரப்போகிறதா என்ற கேள்வி கைப்பேசிகளில் சுற்றுகிறது.

மூன்றுக்கும் தலைப்பு ஒன்றுதான். ஆனால் மூன்றும் வெவ்வேறு விவகாரங்கள். முதலாவது சட்டம் சார்ந்தது. இரண்டாவது சந்தை சார்ந்தது. மூன்றாவது வெறும் வதந்தி. இவற்றை ஒன்றாகக் குழைப்பதால்தான், ‘அவ்வளவு பெரிய மீனை வீணாகப் புதைக்கிறார்களே’ என்ற ஆதங்கமும், ‘இவ்வளவு சின்ன மீனுக்கா இத்தனை லட்சம்’ என்ற வியப்பும் எழுகின்றன.

## எதைப் ‘பெரிய மீன்’ என்கிறோம்?

அளவு என்பது இனத்தைப் பொறுத்தது. இரண்டாவது வகைச் செய்தியில் ஏலம் போகும் கூறல் மீன் ஒன்றரை மீட்டர் வரை வளரக்கூடியது. அந்த இனத்தில் இருபது கிலோவைத் தாண்டியது நிச்சயமாகப் பெரிய மீன். முதல் வகைச் செய்தியில் புதைக்கப்படும் திமிங்கலச் சுறாவோ பிறக்கும்போதே அரை மீட்டர் நீளம் இருக்கும். நான்கு மீட்டர் நீளத்தில் வலையில் சிக்கினால் அது இன்னும் பருவமடையாத குட்டி. ஆகவே ‘பதின்மூன்று அடி ராட்சத மீன்’ என்று எழுதப்படும்போது, அந்த இனத்தின் கணக்கில் அது சிறுபிள்ளையாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

நீளத்துக்கும் எடைக்கும் இடையிலான உறவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. அகலத்திலும் பருமனிலும் சேர்ந்தே வளர்கிறது. எனவே நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். அரை மீட்டரில் ஒரு கிலோ இருக்கும் மீன், உடல்வாகு மாறாமல் ஒரு மீட்டரை எட்டும்போது எட்டுக் கிலோவை நெருங்கும். பார்த்தவுடன் ‘இரண்டு மடங்கு பெரிசு’ என்று தோன்றும் மீன் தராசில் எட்டு மடங்காக நிற்பதும், கண்மதிப்பில் சொல்லப்படும் எடைகள் பெரும்பாலும் தவறிப்போவதும் இதனால்தான்.

உச்ச அளவுகளுக்குச் சில எடுத்துக்காட்டுகள். மீன் இனங்களிலேயே மிகப் பெரியது திமிங்கலச் சுறா. நம்பத்தக்க பதிவுகளில் அது 18 மீட்டரைத் தாண்டியிருக்கிறது. பெயரில் திமிங்கலம் இருந்தாலும் அது பாலூட்டி அன்று. செவுளால் மூச்சுவிடும் சுறா. சுறாக்களின் உடற்கூடு குருத்தெலும்பால் ஆனது; எலும்பாலான கூடுள்ள மற்ற மீன்களை எலும்பு மீன்கள் என்பார்கள். அவற்றில் எடை மிகுந்தது சூரியமீன் வகை; 2021 டிசம்பரில் அட்லாண்டிக் கடலின் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே இறந்து மிதந்த ஒன்றைக் கரையில் நிறுத்தபோது 2,744 கிலோ இருந்தது. தூண்டிற்கோல் கொண்டு பிடித்த எலும்பு மீன்களில், ஆல்பிரட் கிளாசல் 1953 ஆகஸ்ட் 4 அன்று பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் பிடித்த கறுப்பு மார்லின் 1,560 பவுண்டு, அதாவது 707 கிலோ. அந்தச் சாதனையை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை. நம் கடலோரத்தில் கொப்பரன் என்று சொல்லப்படும் மீன்களின் உறவினம் அது.

## மீன் ஏன் இப்படி வளர்ந்துகொண்டே போகிறது?

மனிதருக்கும் மாட்டுக்கும் ஒரு வயதோடு வளர்ச்சி நின்றுவிடுகிறது. பெரும்பாலான மீன்களுக்கு அப்படி ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. இளமையில் வேகமாகவும், பருவமடைந்த பின் மெதுவாகவும், முதுமையில் கண்ணுக்குத் தெரியாத அளவிலும் வளர்ச்சி தொடர்கிறது. நீரே உடலைத் தாங்கிக்கொள்வதால், தரைவாழ் விலங்கைப்போல எடை கூடக் கூட எலும்பும் காலும் பருத்தாக வேண்டிய கட்டாயம் மீனுக்கு இல்லை. அதே காரணத்தால்தான் மிகப் பெரிய மீன் கரையேறினால் அதன் உள்ளுறுப்புகள் தன் எடையாலேயே நசுங்குகின்றன.

இதிலிருந்து பெறப்படும் முக்கியமான செய்தி, ஓரினத்துக்குள் பெரிய மீன் என்றால் வழக்கமாக அது வயதான மீன் என்பதே. வயதை ஊகிக்கத் தேவையில்லை, எண்ணிப் பார்க்கலாம். எலும்பு மீன்களின் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை மெல்லியதாக அறுத்து உருப்பெருக்கியில் வைத்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற கோடுகள் தெரியும். சுறாக்களுக்கு முதுகெலும்பின் கண்ணிகளில் அந்த வளையங்கள் இருக்கும். ஒரு வளையம் ஓர் ஆண்டா, அரை ஆண்டா என்ற ஐயம் திமிங்கலச் சுறா விஷயத்தில் நெடுநாள் இருந்தது. அணுகுண்டுச் சோதனைகளால் 1950, 60களில் காற்றிலும் கடலிலும் கூடிய கதிரியக்கக் கார்பனின் தடத்தை அந்த வளையங்களில் தேடிப்பார்த்து, 2020இல் ஆய்வாளர்கள் அதைத் தீர்த்தார்கள். பாகிஸ்தானில் கிடைத்த, சுமார் 10 மீட்டர் நீளமுள்ள ஒரு திமிங்கலச் சுறாவுக்கு வயது 50. கரையில் நாம் படமெடுத்துக்கொள்ளும் மீன் நம்மில் பலரைவிட மூத்ததாக இருக்கலாம்.

## வலைக்குள் எப்படி வருகிறது?

‘சிக்கியது’ என்ற சொல் எல்லாவற்றையும் ஒரேபோலக் காட்டிவிடுகிறது. நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு.

1. தற்செயலாகச் சிக்குவது. திமிங்கலச் சுறா மிதவை உயிரிகளையும் பொடி மீன்களையும் வாயைத் திறந்து வடிகட்டித் தின்னும் சாதுவான மீன். எங்கே சிறு மீன் மண்டுகிறதோ அங்கே அதுவும் வரும். அங்கேதான் மீனவரும் வலை போடுவார். செவுள் வலை என்பது நீரில் சுவர்போலத் தொங்கி, கண்ணியில் தலை நுழைத்த மீனைச் செவுளில் மாட்டிக்கொள்வது. பெரிய உயிரி அதில் மாட்டாது, சுற்றிக்கொள்ளும். வலை கிழியும், அன்றைய பாடு போகும், மீனும் களைத்துச் சாகும். இங்கே பிடித்தவரும் இழக்கிறார், பிடிபட்டதும் இழக்கிறது.

2. தேடிப் போய்ப் பிடிப்பது. சூரை, மார்லின், மயில்மீன், வாள்மீன் போன்ற ஆழ்கடல் மீன்களுக்கு நீளத் தூண்டில் போடப்படுகிறது. பல கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தாய்க்கயிற்றிலிருந்து நூற்றுக்கணக்கான கிளைக்கயிறுகள் தொங்க, ஒவ்வொன்றிலும் இரை கோத்த முள் இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் இந்தத் தொழிலில் நாடறிந்தவர்கள். வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி, மேற்குக் கரை நெடுகப் போய்வருபவர்கள். அவர்களுக்குப் பெரிய மீன் செய்தியன்று, அன்றாடம்.

3. கூட்டத்தைக் கண்டு பிடிப்பது. கூறல் போன்ற மீன்கள் முட்டையிடும் பருவத்தில் ஓரிடத்தில் திரளும். இவை கத்தாழைக் குடும்பத்தவை. காற்றுப்பையைத் தசைகளால் அதிரவைத்து ஒலி எழுப்பும் வழக்கமுடையவை. தன் துணையை அழைக்க எழுப்பும் அந்த ஒலி, இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒருவர் வலையில் ஒரே நாளில் நூறு, நூற்றைம்பது என்று விழுவது அதிர்ஷ்டம் மட்டுமன்று. அது ஒரு திரளின் மேல் வலை விழுந்ததன் அடையாளம்.

## கூறலின் விலை எங்கே இருக்கிறது?

2021இல் மும்பைக்கு வடக்கே பால்கர் கடலோரத்தில் ஒரு படகினருக்குக் கிடைத்த 157 கூறல் மீன்கள் 1.33 கோடி ரூபாய்க்கு விலைபோயின. வகுத்துப் பார்த்தால் மீன் ஒன்றுக்கு ஏறத்தாழ 85,000 ரூபாய். பாம்பனிலும் இராமேசுவரத்திலும் கூறல் மீன் ஏலச் செய்திகள் அவ்வப்போது வருவதன் பின்னணியும் இதுவே. நம் சந்தையில் எந்த மீனின் சதைக்கும் இவ்வளவு விலை கிடையாது. கூறலின் சதை மட்டும் என்றால் அது நல்ல மீன் என்ற அளவில் விற்கும், அவ்வளவுதான்.

விலை இருப்பது வயிற்றுக்குள் இருக்கும் ‘நெட்டி’யில். மீன் நீரில் மிதப்பையும் ஆழத்தையும் சரிசெய்துகொள்ளப் பயன்படும் காற்றுப்பையைத்தான் நம் கடலோரத்தில் நெட்டி என்கிறார்கள். அதைச் சேதமில்லாமல் எடுத்து, இரத்தமும் கொழுப்பும் நீக்கி, உலர்த்தினால், கெட்டியான மஞ்சள் நிறத் தகடாகும். இது ஹாங்காங், சீனா, சிங்கப்பூர் சந்தைகளுக்குப் போகிறது. அங்கே இது விருந்துச் சூப்புக்குரிய பண்டம், மகப்பேற்றுக்குப் பின் உடலைத் தேற்றும் என்று நம்பப்படுவது, பழையதாக ஆக மதிப்புக் கூடும் சேமிப்பு, திருமணச் சீரும்கூட. நம் ஊரில் தங்கத்துக்கு இருக்கும் இடத்தை நினைத்துக்கொண்டால் அந்த விலை புரியும். பீர், ஒயின் ஆகியவற்றைத் தெளியவைக்கவும் மீன் நெட்டியின் பசைப்பொருள் நெடுங்காலமாகப் பயன்பட்டிருக்கிறது. அறுவைச் சிகிச்சைத் தையல்நூலுக்காகத்தான் இவ்வளவு விலை என்று செய்திகள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. ஆனால் விலையை ஏற்றுவது மருத்துவமனை அன்று, விருந்து மேசை.

நெட்டியின் விலை எடைக்கு நேர் விகிதத்தில் போவதில்லை என்பது இன்னொரு சூட்சுமம். சிறிய மீனின் நெட்டி மெல்லியது, சமைத்தால் கரைந்துபோகும். பெரிய மீனின் நெட்டி தடித்தது. அதற்குக் கிலோ விலையே வேறு. எனவே இருபது கிலோ கூறல் ஒன்று, நான்கு கிலோ கூறல்கள் ஐந்தைவிடப் பல மடங்கு விலைபோகும். ஆண் மீனின் நெட்டிக்குப் பெண் மீனுடையதைவிடக் கூடுதல் மதிப்பு உண்டு. ஏலக்கூடத்தில் மீனைப் புரட்டிப் பார்க்கும் வியாபாரி சதையைப் பார்க்கவில்லை. வெளியிலிருந்து தெரியாத ஒரு பையின் தடிப்பையும், மீன் ஆணா பெண்ணா என்பதையும் ஊகித்துக்கொண்டிருக்கிறார். அது ஒரு பந்தயம்தான்.

இந்தப் பந்தயம் மற்றக் கடல்களில் எங்கே போய் முடிந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. சீனக் கடலோரத்தின் பகாபா என்ற பெருங்கத்தாழை, நெட்டிக்காகவே வேட்டையாடப்பட்டு, இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. அது அரிதானபோது அதற்கு மாற்றாகத் தேடப்பட்டது மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் தொத்துவாபா. அதன் பன்னாட்டு வணிகம் 1970களிலிருந்தே தடைசெய்யப்பட்டிருந்தும் கள்ளத்தனமாகப் போடப்பட்ட செவுள் வலைகளில், அந்த வளைகுடாவுக்கே உரிய வாக்கீட்டா என்ற சிறிய கடற்பாலூட்டி சிக்கிச் சிக்கி, இப்போது பத்தை ஒட்டிய எண்ணிக்கைக்கு வந்துவிட்டது. கூறலுக்கு இந்தியாவில் தடை எதுவும் இல்லை. குஜராத் 2023இல் அதைத் தன் மாநில மீனாகவே அறிவித்தது. பிடிப்பது குற்றமன்று. ஆனால் ஒரு திரளையே ஒரே வலையில் அள்ளுவதை வெறும் நற்செய்தியாக மட்டும் எழுதிவிட்டுப் போவது பாதிக் கதை.

## ஏல விலையை எந்த அளவுக்கு நம்பலாம்?

தோக்கியோவின் தொயோசு சந்தையில் 2019 ஆண்டுத் தொடக்க ஏலத்தில், வட ஜப்பானின் ஓமா கடலில் பிடிபட்ட 278 கிலோ நீலத்துடுப்புச் சூரை 33.36 கோடி யென்னுக்கு விற்றது. உலகெங்கும் வந்த செய்தி அது. ஆனால் அது சந்தை விலை அன்று. புத்தாண்டின் முதல் மீனை வாங்குவது அங்கே கௌரவம். வாங்கும் சுசி உணவகக் குழுமத்துக்கு அது விளம்பரம். இதற்கு அழகான சான்று, அதே வாங்குபவரின் பழைய கணக்கிலேயே இருக்கிறது. 2013இல் ஹாங்காங் போட்டியாளரோடு மோதி 222 கிலோ மீனுக்கு 15.54 கோடி யென் கொடுத்தவர், போட்டி விலகிய 2014இல் 230 கிலோ மீனை 73.6 லட்சம் யென்னுக்கு வாங்கினார். மீன் எட்டுக் கிலோ கூடியது. விலை இருபதில் ஒரு பங்கானது.

## சட்டம் என்ன சொல்கிறது?

ஆதங்கப்படுபவர்களுக்கான பதில் இந்தப் பகுதியில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளுக்கு மட்டுமானது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அதன் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில், மீன்களும் இருக்கின்றன. முதலில் அதில் ஏறிய மீன் திமிங்கலச் சுறா. நாள் 2001 மே 28. கடலோரத்தில் இதை அம்மணி உழுவை என்றும் சொல்வதுண்டு.

அதன்பின் நடந்தது கொஞ்சம் குழப்பமானது. இன்றுவரை மீனவரிடையே இருக்கும் தெளிவின்மைக்கு வேரும் அதுவே. அதே ஆண்டு ஜூலையில் எல்லாச் சுறாக்களும் திருக்கைகளும் ஒட்டுமொத்தமாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வாழ்வாதாரம் போகிறதே என்று கடலோர மாநிலங்களிலிருந்து எதிர்ப்பு எழ, டிசம்பரில் அது பத்து இனங்களாகச் சுருக்கப்பட்டது. திமிங்கலச் சுறா, வாள்போன்ற மூக்குடைய வேளா மீன்கள், கங்கைச் சுறா, புதுச்சேரிச் சுறா முதலியவை அந்தப் பத்தில் அடங்கும். 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது பட்டியல் மீண்டும் விரிந்தது. ஆகவே ‘சுறா பிடிப்பதே குற்றம்’ என்பதும் தவறு. ‘சுறாவுக்குத் தடையே இல்லை’ என்பதும் தவறு. எந்தச் சுறா என்பதே கேள்வி. சுறாத் துடுப்பு ஏற்றுமதி மட்டும் 2015 முதல் எல்லா இனங்களுக்கும் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

சட்டத்தின் நடைமுறை விளைவுகள் இவை:

1. ‘வேட்டை’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில் கொல்வது மட்டுமன்றி, பிடிப்பதும் பொறியில் சிக்கவைப்பதும் அதற்கு முயல்வதும் அடங்கும்.

2. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

3. இறந்த நிலையில் கிடைத்தாலும் அந்த உடல் அரசின் சொத்து. வெட்டவோ விற்கவோ உலர்த்தவோ யாருக்கும் உரிமை இல்லை. பல டன் மீன் ‘வீணாக’ப் புதைக்கப்படுவது இதனால்தான். இறந்ததை விற்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்தால், உயிரோடு சிக்கியதும் இறந்தே கரைசேரும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும்.

4. உயிரோடு இருந்தால் விடுவிப்பதே வழி. வலையை அறுத்துத்தான் விடவேண்டும். துடுப்பையோ வாலையோ அறுக்கக் கூடாது. வாலில் கயிறு கட்டிப் பின்னோக்கி நெடுந்தூரம் இழுத்தால் செவுளில் நீரோட்டம் தடைப்பட்டு மீன் மூச்சுமுட்டிச் சாகும்; ‘காப்பாற்றி ஆழ்கடலில் விட்டோம்’ என்ற நல்லெண்ணமே அதைக் கொன்றுவிடலாம்.

வலையை அறுப்பது என்று எழுதுவது எளிது. அறுபடுவது ஒரு குடும்பத்தின் முதலீடு. இதைச் சரியாகப் புரிந்துகொண்டு செயல்பட்டது குஜராத். அங்கே வேராவல் கடலோரத்தில் மரப்படகுகளுக்கு நீர்க்காப்பாகப் பூசும் ஈரல் எண்ணெய்க்காகத் திமிங்கலச் சுறாக்கள் வேட்டையாடப்பட்டு வந்தன. தடை வந்தபின் 2004இல் வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் டாட்டா கெமிக்கல்ஸ் நிறுவனமும் சேர்ந்து ஓர் இயக்கத்தைத் தொடங்கின. இராமகதை சொல்லும் மொராரி பாபு அந்த மீனை, பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகளாகச் சித்திரித்துப் பேசினார். ‘அன்புக்குரியவள்’ என்ற பொருளில் ‘வ்ஹாலி’ என்ற பெயர் பரவியது. உருக்கமான பேச்சோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம்: அறுத்த வலைக்கு அரசு இழப்பீடு தந்தது, அதிகாரி வரும்வரை காத்திருக்கத் தேவையின்றி, மீனவரே கடலில் எடுத்த படத்தைச் சான்றாக ஏற்றுக்கொண்டது. நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் அங்கே மீனவர் கையாலேயே விடுவிக்கப்பட்டிருக்கின்றன. கடலோர மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டாவது பாதிதான் பாடம். இழப்பீடு இல்லாத இடத்தில் வெறும் விழிப்புணர்வுப் பதாகை மீனவரின் பையிலிருந்து மட்டும் பணம் கேட்கிறது.

## பெரிய மீனும் முட்டைக் கணக்கும்

மொராரி பாபுவின் உவமை உணர்ச்சிக்காகச் சொன்னதானாலும், உயிரியல் அதற்குத் துணை நிற்கிறது. 1995இல் தைவானில் பிடிபட்ட 10.6 மீட்டர் திமிங்கலச் சுறா ஒன்றின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் இருந்தன. முட்டையிடும் மீன்களில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகும்.

பத்துக் கிலோ எடையுள்ள ஒரு பெண் மீனும், இரண்டு கிலோ எடையுள்ள ஐந்து பெண் மீன்களும் சமமான முட்டையிடும் என்றுதான் மீன்வள மேலாண்மை நெடுநாள் கணக்கிட்டு வந்தது. 342 கடல்மீன் இனங்களை ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு அந்த எண்ணத்தைக் குலைத்தது. அட்லாண்டிக் காட் இனத்தில் 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு பெண் மீன் இடும் முட்டைகளுக்கு ஈடு செய்ய, இரண்டு கிலோ எடையுள்ள பெண் மீன்கள் 28 வேண்டும். அந்த இருபத்தெட்டின் மொத்த எடை 56 கிலோ. முட்டைகள் பெரியவையாகவும் சத்து மிகுந்தவையாகவும் இருப்பதால், ஆற்றல் கணக்கில் அந்த ஒரு தாய் 37 சிறிய மீன்களுக்குச் சமம்.

எல்லா இனத்திலும் பெரியது பெண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மார்லின்களில் பெரியவை எல்லாம் பெண்களே. காபோ பிளாங்கோவின் 707 கிலோவில் மூன்றில் ஒரு பங்கை எட்டும் ஆண்கூட அரிது. கொடுவா மீன் ஆணாகப் பருவமடைந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும். ஆகவே பெரிய கொடுவா ஒரு தாய். களவா மீன்கள் பலவற்றில் இது தலைகீழ்: பெண்ணாகத் தொடங்கி, பெரியதானபின் ஆணாகும். பாறைத்திட்டு ஒன்றின் பெரிய களவாக்களை மட்டும் தேர்ந்து பிடித்தால், அங்கே மிஞ்சும் பெண்களுக்கு ஆண் கிடைக்காமல் போகும். எப்படியானாலும் பெரியதை எடுப்பது தொகையில் ஒன்றைக் குறைப்பது மட்டுமாக இருப்பதில்லை.

இந்தக் காரணத்தால் சில நாடுகள் மீன் அளவுக்குக் கீழ் எல்லையோடு மேல் எல்லையும் வைக்கின்றன. அமெரிக்காவின் புளோரிடாவில் செங்கத்தாழை மீனை 18 அங்குலத்துக்கும் 27 அங்குலத்துக்கும் இடையில் இருந்தால் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். சிறியதையும் விடவேண்டும், பெரியதையும் விடவேண்டும். இந்தியாவில் கேரளம் 2015 முதல் பல இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவை வகுத்திருக்கிறது; அது குஞ்சுகளைக் காக்கும் ஏற்பாடு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடை இனப்பெருக்கக் காலத்தைக் காக்கும் ஏற்பாடு. தாய் மீனை அதன் அளவுக்காகவே காக்கும் ஏற்பாட்டுக்கு நம் தொழில்முறை இடம் தருமா என்பது வேறு கேள்வி. செவுள் வலையில் மூச்சுத் திணறி மேலே வரும் பெரிய மீனைத் திரும்ப விட்டு யாருக்கும் பயனில்லை. தூண்டிலுக்குப் பொருந்தும் விதி வலைக்குப் பொருந்தாது.

## உண்பது பற்றி

கடலில் கரைந்திருக்கும் பாதரசம் சிறு உயிரிகளின் உடலில் சேர்ந்து, அவற்றைத் தின்னும் மீனில் கூடி, அதைத் தின்னும் பெரிய மீனில் இன்னும் கூடுகிறது. வயதான வேட்டை மீனில் அது அதிகமாக இருப்பதற்குக் காரணம் இந்தச் சங்கிலியே. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறுவரும் சுறா, வாள்மீன், மார்லின், பெருங்கண் சூரை முதலியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. மத்தியும் நெத்திலியும் இந்த வகையில் கவலையில்லாத மீன்கள்.

## நாடா மீனும் நிலநடுக்கமும்

எலும்பு மீன்களிலேயே மிக நீளமானது துடுப்பு மீன் என்றும் நாடா மீன் என்றும் சொல்லப்படும் ஆழ்கடல் மீன். எட்டு மீட்டர் வரை அளந்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் வாழும் அது நோயுற்றோ நீரோட்டத்தில் அலைப்புண்டோ மேலே வரும்போது, நிலநடுக்கத்தின் முன்னறிவிப்பு என்ற ஜப்பானிய நம்பிக்கையும் உடன் வருகிறது. அந்த ஜப்பானிலேயே 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 நிகழ்வுகளையும் 221 நிலநடுக்கங்களையும் ஒப்பிட்டு, 2019இல் ஆய்வு முடிவு வெளியிட்டார்கள். இரண்டும் பொருந்தியது ஒரே ஒருமுறை. இதற்குமேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

## ‘அபூர்வம்’ என்பதை எதை வைத்து அளக்கிறோம்?

ஒரு மீன் செய்தியாவதற்கு அது பெரியதாக இருந்தால் போதாது. நாம் அதைப்போல் முன்பு பார்த்ததில்லை என்று நினைக்க வேண்டும். அந்த நினைவு எவ்வளவு குறுகியது என்பதற்கு, புளோரிடாவின் கீ வெஸ்ட் துறையில் கிடைத்த சான்று போதும். சுற்றுலாப் பயணிகள் பிடித்த பெரிய மீன்களைக் கரையில் தொங்கவிட்டுப் படமெடுப்பது அங்கே பல பத்தாண்டுகளாக வழக்கம். அந்தப் பழைய படங்களைச் சேகரித்து மீன்களை அளந்த 2009ஆம் ஆண்டு ஆய்வு, 1956இல் சராசரியாக 19.9 கிலோ இருந்த பரிசு மீன், 2007இல் 2.3 கிலோவாகிவிட்டதைக் காட்டியது. படத்தில் நிற்பவர்களின் சிரிப்பு மட்டும் குறையவில்லை. பயணக் கட்டணமும் குறையவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் கண்ட கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்வதை, மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இலேயே சுட்டிக்காட்டியிருந்தார்.

நமக்குப் படங்களைவிடப் பழைய சான்று ஒன்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், ‘சினைச் சுறவின் கோடு’ நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. சினை என்றால் சூல்; சுறவின் கோடு என்றால் சுறாவின் கொம்பு. நம் கரையோரச் சுறாக்களில் எதற்கும் கொம்பு கிடையாது. ஆகவே அது, முகத்திலிருந்து வாள்போல நீண்டு இருபுறமும் பல் வரிசை கொண்ட வேளா மீனின் மூக்காகவே இருக்க வேண்டும். மனைதோறும் நட்டு வணங்கும் அளவுக்கு அன்று அது கிடைத்திருக்கிறது. இன்று அதே கரையில் ஒரு வேளா வலையில் ஏறினால் அது அன்றைய தலைப்புச் செய்தி. முதல் அட்டவணையில் இருப்பதால், கொம்போடு சேர்த்து அது அரசின் சொத்து.